ஒரே மணலில் ஊற்றும் குழியும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி தண்ணீரைப் பற்றி, பாதி கழிப்பறையைப் பற்றி. எழுதியவர்கள் இரண்டையும் தனித்தனிக் கவலையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் அப்படிப் பிரிக்க முடியாது. மணலில் நாலைந்து அடி தோண்டினால் கிடைக்கும் மெல்லிய நல்ல தண்ணீரைத்தான் குடிக்கிறோம். கழிப்பறைக் குழியும் அதே நாலைந்து அடிக்குத்தான் இறங்குகிறது. பதில்களைப் படிக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

நாங்கள் 40 குடும்பம். கடற்கரைப் புறம்போக்கில் ஓலைக் குடிசையும் தகரக் கொட்டகையுமாக இருக்கிறோம். மெயின் பைப் எங்களைத் தாண்டித்தான் போகிறது. பட்டா இல்லாததால் குழாய் தர முடியாது என்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகி, மண்டபம் பக்கம்

உண்டு. முதலில் ஒரு தவறைத் திருத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான மனுக்களில் "பட்டாவும் குழாயும் வேண்டும்" என்று ஒரே தாளில் எழுதிவிடுகிறார்கள். பட்டா என்ற சொல்லைப் பார்த்ததும் மனு வருவாய்த்துறைக்குப் போய்விடும். நிலம் யாருடையது, எந்த வகைப்பாடு என்று அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். குழாயைக் கேட்க வேண்டியது உள்ளாட்சியிடம். தாள் வேறாக இருக்கட்டும், தேதியும் வேறாக இருக்கட்டும்.

மனையின் உரிமையும் தண்ணீரின் உரிமையும் வேறு வேறு. உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள் தண்ணீரும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. குடியிருப்பு சட்டவிரோதமானது என்பதற்காகத் தண்ணீரே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் அந்த மாநகராட்சிக்குச் சொன்னது. அது வேறு மாநிலத் தீர்ப்பு, இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மனுவில் ஒரு வரி குறிப்பிடலாம். "கடலோரம், விதி இடம் கொடுக்காது" என்று யாராவது சொன்னால் அதுவும் முழு உண்மையல்ல. அங்கே வாழும் மக்களுக்குத் தேவையான குடிநீர் வசதி, சமுதாயக் கழிப்பறை, வடிகால் ஆகியவற்றைப் பரிசீலித்து அனுமதிக்கலாம் என்று 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே இருக்கிறது.

இனி, என்ன கேட்பது? வீட்டுக்கு வீடு இணைப்பு கேட்டால் வீட்டுவரி ரசீது கேட்பார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். முதல் படியாகப் பொதுக்குழாய் கேளுங்கள். அதற்கு யார் பெயரிலும் ரசீது தேவையில்லை. ஆனால் "ஒரு குழாய் போடுங்கள்" என்று மட்டும் எழுதி ஏமாறாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 லிட்டர் குடம் நிறைய ஒன்றரை நிமிடம் ஆகிறது, தண்ணீர் 2 மணி நேரம் வருகிறது என்று வையுங்கள். மொத்தம் 80 குடம். 40 வீட்டுக்கும் பங்கிட்டால் வீட்டுக்கு 2 குடம், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 6 லிட்டர். குடிக்கவும் சோறு பொங்கவுமே சரியாகிவிடும். கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதன்படி உங்கள் 200 பேருக்கு 11,000 லிட்டர் வேண்டும். அது கைக்கு எட்டாவிட்டாலும், ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 4,000 லிட்டராவது கேட்கலாம். ஆகவே மனுவில் "5,000 லிட்டர் தொட்டி, மேடை, 6 டேப், வழியும் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி" என்று எழுதுங்கள். தொட்டி இருந்தால் தண்ணீர் இரவு 2 மணிக்கு வந்தாலும் தானாக நிரம்பிக்கொள்ளும். யாரும் குடத்தோடு தூக்கம் விழிக்க வேண்டியதில்லை.

நிரம்பிய தொட்டி 5 டன் எடை. வெறும் மணலில் நாலு கல் வைத்து ஏற்றினால் ஒரு பக்கம் இறங்கிவிடும். தொட்டியை விட ஒரு அடி அகலமாகக் கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் 3 அடி உயர மேடை கட்டச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் இரும்புக் குழாய் நிற்காது. பி.வி.சி. அல்லது எச்.டி.பி.இ. குழாயும் பிளாஸ்டிக் டேப்பும் போதும்.

மனுவோடு இணைக்க வேண்டியவை: குடும்பத் தலைவர்களின் பட்டியல் ரேஷன் கார்டு எண்ணோடு, வாக்காளர் அடையாள அட்டை நகல்கள், மெயின் பைப்பிலிருந்து குடியிருப்பு எத்தனை மீட்டர் என்று கையால் வரைந்த படம். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 கூட்டம் உண்டு. வாயால் பேசிவிட்டு வந்தால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிணறு, குடிநீர், பொதுக் கழிப்பிடம் எல்லாம் ஊராட்சியின் கடமை என்பதற்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 110-வது பிரிவைக் காட்டலாம். பேரூராட்சி, நகராட்சி என்றால் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்துக்குப் போக வேண்டும். பிறகு அந்தத் தீர்மான எண்ணோடு ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி எண்ணான 1100-க்குப் போன் செய்யும்போது முதலில் கேட்பது ஒப்புகைச் சீட்டின் எண்ணைத்தான்.

தனுஷ்கோடி பக்கம் மணலில் ஊத்து தோண்டித்தான் குடிக்கிறோம். போன வருஷம் வரை இனிப்பாக இருந்த ஊத்து இந்த வருஷம் உப்பாகிவிட்டது. இன்னும் ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?
– வாசகர், ராமேசுவரம்

கிடைக்காது. ஆழப்படுத்தினால் இருப்பதும் போய்விடும்.

மணல்மேட்டில் பெய்யும் மழை கீழே இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீர் கனமானது. இரண்டும் அவ்வளவு எளிதில் கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கலாம் என்பது பழைய கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே 1 அங்குலம் இறைத்துக் குறைத்தால் அடியிலிருந்து உப்பு 40 அங்குலம் மேலேறப் பார்க்கும். நமது ஒடுங்கிய மணல்திட்டில் மேலே நிற்பதே அங்குலக் கணக்குதான். அதனால்தான் சிரட்டையால் அள்ளிய தலைமுறைக்கு இனித்த ஊற்று, அரை எச்.பி. மோட்டார் வைத்த மறு மாதமே கரிக்கிறது. உங்கள் ஊற்றைச் சுற்றி 200, 300 அடிக்குள் விடுதியோ ஐஸ் கம்பெனியோ மீன் கழுவும் இடமோ புதிதாக மோட்டார் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய பகுதியில் நிலத்தடி நீரை மோட்டார் வைத்து எடுக்க அதே கடற்கரை அறிவிக்கையில் கட்டுப்பாடு உண்டு. புகார் கொடுக்கலாம்.

சரி, இருப்பதைக் காப்பாற்றுவது எப்படி? ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். மணல் ஈரமாகி, தண்ணீர் கசிந்து ஒரு சாண் நின்றதும் நிறுத்திவிடுங்கள். ஒரு ஊற்றை 6 அடிக்கு இறக்குவதை விட, 30 அடிக்கு ஒன்றாக மூன்று ஊற்றை 4 அடியில் நிறுத்தி மாற்றி மாற்றி அள்ளுவது மேல். இடம் தேடும்போது மேட்டைத் தேடுங்கள். திட்டின் நடுமுதுகில்தான் நல்ல தண்ணீர் தடிமனாக நிற்கும். கரைக்கு நெருங்க நெருங்க மெலிந்துவிடும். ஒரு முறை கரித்துவிட்ட ஊற்றை மூடிவிட்டு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை விட்டுவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை நன்றாகப் பெய்தால் தானே தேறும்.

புயலில் கடல் ஏறி ஊற்றை மூழ்கடித்தால் எல்லோரும் செய்வது, மோட்டார் வைத்து நாள்முழுக்க இறைத்துக் கொட்டுவது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் இப்படி மிதமிஞ்சி இறைத்த கிணறுகளில் அடியிலிருந்த உப்பு மேலேறிவிட்டது. சேற்றையும் குப்பையையும் அள்ளிப்போட ஒரு முறை மெதுவாக இறைத்தால் போதும். மீதியை மழை பார்த்துக்கொள்ளும்.

ஊற்றின் வாய்க்கு 3 அடி விட்டமுள்ள ஒரு சிமென்ட் உறையை, தரைக்கு மேல் 2 அடி நிற்கிற மாதிரி வையுங்கள். மூடி போடுங்கள். ஆளாளுக்கு ஒரு வாளி விடாமல் கயிற்றோடு ஒரே வாளி தொங்கட்டும். துணி துவைப்பது, ஆடு கட்டுவது எல்லாம் 50 அடிக்கு அப்பால்.

வண்டித் தண்ணீர் குடம் 10 ரூபாய்க்கு வாங்குகிறோம். குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. காய்ச்சினால் போதுமா? விறகு, கேஸ் செலவு கட்டுப்படியாகவில்லை.
– வாசகி, தங்கச்சிமடம்

15 லிட்டர் 10 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டர் 667 ரூபாய். ஐந்து பேர் வீட்டுக்கு நாளைக்கு 7 குடம் வாங்கினால் மாதம் 2,100 ரூபாய். குழாய் இல்லாத வீடுதான் தண்ணீருக்கு அதிகம் கொடுக்கிறது. மனு எழுதும்போது இந்தக் கணக்கையும் சேருங்கள்.

காய்ச்சுவது நல்லது. தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும், கால் மணி நேரம் அடுப்பில் வைக்க வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் குளோரின். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 0.5 கிராம் குளோரின் மாத்திரை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 20 லிட்டருக்கு ஒன்று போட்டு அரை மணி நேரம் விடவேண்டும். மாத்திரை கிடைக்காத இடத்தில் பிளீச்சிங் பவுடர்: 20 கிராமை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து 10 நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேலே நிற்கும் தெளிவை மட்டும் நிறமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, வெயிலும் பிள்ளைகளின் கையும் படாத இடத்தில் வையுங்கள். ஒரு குடத்துக்கு 3 மில்லி. இருமல் மருந்து மூடியில் கோடு இருக்கும், அதில் அளக்கலாம். அளந்த மூடியை வேறெதற்கும் எடுக்காதீர்கள். அரை மணி கழித்து முகர்ந்தால் லேசாகக் குளோரின் வாடை வரவேண்டும். வாடையே இல்லையென்றால் தண்ணீர் அழுக்கு, அல்லது பவுடர் பழசு. மூட்டை பிரித்துக் காற்றுப்பட்ட பவுடர் சில வாரங்களில் வீரியம் இழந்துவிடும். கட்டிதட்டிப் போனதை வாங்கவே வாங்காதீர்கள். கரைசலையும் பத்து நாளுக்கு ஒரு முறை புதிதாகப் போடுங்கள்.

கலங்கல் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது. முதலில் வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டித் தெளியவிடுங்கள். ஊருணித் தண்ணீர் எடுப்பவர்கள் தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரசித் தெளியவைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அது கலங்கலை இறக்கும், கிருமியைக் கொல்லாது.

இன்னொன்று: தண்ணீர் வண்டியில் சுத்தமாக வந்து வீட்டில் கெட்டுப்போவது மிகச் சாதாரணம். குடத்துக்குள் சொம்பை விட்டு மொள்ளும் கைதான் காரணம். பிடி நீண்ட அகப்பை ஒன்று வாங்கி, தரையில் வைக்காமல் சுவரில் ஆணியில் மாட்டுங்கள்.

கழிப்பறைக்கு 10 உறை இறக்கினோம். வெயில் காலத்தில் பிரச்சினையில்லை. மழை வந்தால் பேசின் வழியாக மேலே பொங்குகிறது. கொத்தனார் இன்னும் 5 உறை இறக்கலாம் என்கிறார்.
– வாசகர், பெரியபட்டினம்

அவரை நிறுத்துங்கள். உங்கள் குழி ஏற்கெனவே நிலத்தடி நீருக்குள் நிற்கிறது. மழையில் நீர்மட்டம் ஏறும்போது வெளித் தண்ணீர் குழிக்குள் வருகிறது. அதன் மட்டம் பேசின் மட்டத்துக்கு வந்ததும் பொங்குகிறது. 15 உறை இறக்கினாலும் 30 உறை இறக்கினாலும் அந்த மட்டம் மாறாது. ஆழமான குழி செய்வது ஒன்றே ஒன்றுதான்: கழிவை நேராகக் குடிதண்ணீருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்தக் கரைக்குப் பொருந்துவது ஆழமில்லாத, மேடேற்றிய இரட்டைக் குழி. அளவு சொல்கிறோம், கொத்தனாரிடம் காட்டுங்கள்.

குழிக்கு 3 அடி விட்டம், 1 அடி உயர உறை 4. இரண்டு குழிக்கு 8. ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு குழி ஏறக்குறைய 2 ஆண்டு வரும். ஏழெட்டுப் பேர் என்றால் 4 அடி விட்டம். இரண்டு குழிக்கும் நடுவே 4 அடி இடைவெளி. கார்த்திகை மாதத்தில் உங்கள் இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைப் பக்கத்துக் கிணற்றில் பார்த்துக் குறியுங்கள். தெருவிலேயே தண்ணீர் நிற்கும் இடமென்றால் அதன் கோட்டைக் குறியுங்கள். குழியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 1 அடி மேலே இருக்க வேண்டும். அதாவது இரண்டு உறை மண்ணுக்குள், இரண்டு உறை வெளியே என்று வரும். வெளியே தெரியும் உறையைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்குங்கள். சும்மா கொட்டிய கடல்மணல் முதல் மழையில் கரைந்துவிடும். களிமண் கலந்த கண்மாய்க்கரை மண் கிடைத்தால் நல்லது.

உறையில் துளை வேண்டும். ஆனால் 2 அங்குலத் துளை விட்டால் நம் மணல் உள்ளே சரிந்து, சுற்றிலும் பள்ளம் விழும். அரை அங்குலத் துளை போதும். செங்கல்லில் கட்டினாலும் இடைவெளி அவ்வளவுதான். மேல் 1 அடியில் துளையே கூடாது. அடிப்பகுதி நீர்மட்டத்துக்கு அருகில் இருந்தால் தரையைக் களிமண்ணோ தடித்த பாலிதீன் தாளோ போட்டு அடைத்து, உறையைச் சுற்றி ஒன்றரை அடிக்குப் பொடிமணல் நிரப்புங்கள். கிருமியை வடிகட்டுவது அந்தப் பொடிமணல்தான். குடிநீர் ஊற்றுக்குக் குறைந்தபட்சம் 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. நம் மணலுக்கு 15 மீட்டர், அதாவது 50 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர் மேட்டிலிருந்து கடலை நோக்கி நகர்கிறது. ஊற்று மேட்டுப்பக்கம், குழி தாழ்வுப்பக்கம். உங்கள் குழிக்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரரின் ஊற்று இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குடிசைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் வீட்டுக்கு வீடு குழி போடுவதே தவறு. அங்கே எல்லோருக்கும் சேர்த்து, கசியாத தொட்டியோடு ஒரு வளாகம் கட்டுவதுதான் சரி.

பேசின் விஷயம் பலர் கவனிப்பதில்லை. கடையில் கேட்டவுடன் எடுத்துக்கொடுக்கும் இந்தியன் பேசினின் வளைவில் 50 மி.மீ. தண்ணீர் நிற்கும். அதைத் தள்ள ஒரு வாளி ஊற்ற வேண்டும். சரிவு அதிகமுள்ள கிராமப்புறப் பேசினும் 20 மி.மீ. வளைவும் வாங்கினால் 2 லிட்டரில் போய்விடும். குடம் 10 ரூபாய்க்கு வாங்கும் வீட்டில் ஒரு வாளிக்கும் 2 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம், ஒவ்வொரு முறையும் ஐந்து ரூபாய்க்கு மேல். தண்ணீர் இல்லாததால் கழிப்பறையை விறகு அடுக்க விட்டுவிட்டார்கள் என்று குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. கழுவ உப்புத் தண்ணீரே போதும். அதற்குத் தனி டிரம் வையுங்கள்.

பேசினிலிருந்து குழிக்குப் போகும் குழாய் 15 அடிக்கு 1 அடி சரிவு. நடுவில் ஒய் வடிவச் சிறு தொட்டி கட்டி, ஒரு வழியைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடையுங்கள். நம் ஊரில் அதிகம் நடக்கும் கோளாறு இங்கேதான்: இரண்டு வழியையும் திறந்து விட்டுவிடுகிறார்கள். இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பிவிடும். அப்புறம் எதைத் திறந்து அள்ளுவது? ஒன்று நிரம்பியதும் வழியை மாற்றி, நிரம்பியதை 2 ஆண்டு மூடிவைத்தால் கிருமி செத்து, வாடையில்லாத மண்ணாகிவிடும். மழையில் ஊறி நிற்கும் குழி என்றால் அள்ளுவதைச் சித்திரைக்குத் தள்ளிவையுங்கள். குளியல் தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எதையும் குழிக்குள் விடக்கூடாது. இவ்வளவும் செய்தால் பேசின் மூன்று படி உயரத்துக்குப் போய்விடும். வயதானவர்கள் இருந்தால் படியை அகலமாக, 5 அங்குல உயரத்தில் வைத்து, பிடிக்க ஒரு பி.வி.சி. குழாயைக் கைப்பிடியாகப் பதியுங்கள்.

சிமென்ட் கலக்க உப்புத் தண்ணீரும் கடல்மணலும் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மாறவில்லை. மூடிப் பலகைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பிப் பலகையைப் பிளந்துவிடும். அதன்மேல் கால் வைத்தவர் குழிக்குள்தான்.

செப்டிக் டேங்க் எப்போது எடுக்க வேண்டும்? லாரிக்காரர் அடியில் தங்கிய சேற்றை எடுக்க ஆளை இறக்குகிறேன் என்கிறார்.
– வாசகர், கீழக்கரை

ஆளை இறக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குக்கூடக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும், அளவு மிஞ்சினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் சாகிறார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது குற்றம், வீட்டு உரிமையாளரும் தப்ப முடியாது. கழிவுநீர்ப் பணியில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. சேறு இறுகியிருந்தால் தண்ணீர் பாய்ச்சி, நீளக் கழியால் மேலிருந்து கலக்கி, லாரிக் குழாயாலேயே உறிஞ்சச் சொல்லுங்கள். முறையான வண்டிக்கு 14420 எண்ணில் கேட்கலாம்.

எடுப்பது 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒரு முறை. எடுக்கும் மாதம் முக்கியம். மழைக்காலத்தில் எடுக்காதீர்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலித் தொட்டி, குறிப்பாகப் பிளாஸ்டிக் தொட்டி, தோணி மாதிரி மிதந்து குழாயை முறித்துக்கொண்டு மேலே வந்துவிடும். பங்குனி, சித்திரையில் எடுத்து, உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் நிரப்பிவிடுங்கள். கழிவை எங்கே கொட்டப்போகிறார் என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். "கம்மாய்ப் பக்கம்" என்றால் வேறு வண்டி பாருங்கள்.

மகளிர் சுகாதார வளாகம் பூட்டியே கிடக்கிறது. திறக்கச் சொன்னால் "பெண்கள் ஒழுங்காகப் பயன்படுத்துவதில்லை" என்கிறார்கள். இருட்டும்வரை அடக்கிவைக்கிறோம்.
– வாசகி, தொண்டி பக்கம்

அடக்குவதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைப்பீர்கள். அங்கிருந்துதான் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் தொடங்குகின்றன. "பெண்கள் ஒழுங்கில்லை" என்பது வசதியான காரணம். பூட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பவை: எரிந்துபோன மோட்டார், கட்டாத கரண்ட் பில், சம்பளம் போகாத துப்புரவாளர், நிரம்பிய தொட்டி. எது என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால், வெறுமனே "திறக்க வேண்டும்" என்பதை விட மனு வேகமாக நகரும்.

பார்க்கும்போது கவனிக்க: போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் மோட்டாரின் உட்பாகம் அரித்திருக்கும். அதே மோட்டாரைத் திரும்பக் கட்டுவது வீண், உப்பு தாங்கும் பாகங்கள் உள்ளதாகக் கேளுங்கள். இரும்புக் கதவு அடியில் துருப்பிடித்துப்போய்த் தாழ்ப்பாள் நிற்காது. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்கு எந்தப் பெண்ணும் போகமாட்டாள். பி.வி.சி. கதவு, துருப்பிடிக்காத கீல். ஒரு இருக்கைக்கு 25 பெண்கள் என்பது கணக்கு. 70 பேர் என்றால் 3 இருக்கை ஓடினால் போதும், எல்லா இருக்கையும் ஓட வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு முறை, முறைக்கு 5 லிட்டர் என்றால் 700 லிட்டர், கழுவ 200. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு நாளைக்கு வரும். குளிப்பதும் துவைப்பதும் அங்கேயே என்றால் அது தனிக்கணக்கு.

நாப்கினைப் பேசினில் போட்டால் ஊதி வளைவில் அடைத்துக்கொள்ளும். மூன்றே நாளில் வரிசை முழுக்க நின்றுவிடும். ஒவ்வொரு அறையிலும் மூடியுள்ள வாளியும், அதைத் தினமும் எடுக்க ஆளும் வேண்டும். வாசலிலும் உள்ளேயும் விளக்கு. இரவு 9 மணிக்குப் பூட்டினால் மறுபடியும் கருவேலங்காடுதான்.

டி.டி.எஸ். மீட்டரில் 1,400 காட்டுகிறது. குடிக்கலாமா?
– வாசகர், சாயல்குடி

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. இந்தியத் தரப்படி 500 வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். ஆனால் மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும், மலக்கிருமியைச் சொல்லாது. 200 காட்டும் தண்ணீரிலும் வயிற்றுப்போக்கு வரும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கிருமிச் சோதனையும் ஃபுளோரைடு, நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் பக்கத்தில் ஏதோ ஒரு குழி கசிகிறது என்று சந்தேகப்படலாம். காய்ச்சினால் உப்பு குறையாது, கூடும்.

ஓலைக் கூரை. மழைநீர் பிடிக்க முடியுமா?
– வாசகி, மூக்கையூர்

ஓலையில் வழிவது குடிக்க உதவாது. தார்ப்பாய் கட்டுங்கள். 12-க்கு 15 அடிப் பாய் என்றால் 180 சதுர அடி. 1 சென்டிமீட்டர் மழைக்கு, சிதறியது போக 130 லிட்டருக்கு மேல் கிடைக்கும். நாலு கம்பில் கட்டி, நடுவில் ஒரு கல்லைத் தொங்கவிட்டுப் பள்ளமாக்கி, ஓட்டை போட்டுக் குழாயில் இறக்கி டிரம்முக்கு விடுங்கள். கடல் காற்றில் பாயில் உப்பும் காக்கை எச்சமும் படிந்திருக்கும். முதல் 40 லிட்டரைக் கழுவ வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதைக் குடிக்கப் பிடியுங்கள். மருந்தும் பூச்சிக்கொல்லியும் வந்த நீல டிரம் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். மூடிக்கு மேல் கொசுவலைத் துணி கட்டுங்கள். காற்று பலமாகும்போது பாயின் ஒரு முனையை முதலில் அவிழ்த்துவிடத் தோதாக, அந்த முனையில் மட்டும் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள்.